உஸ்மான் சாலையிலிருந்து தூண்டில் எட்டும் தூரம்: ஓர் ஆய்வு

தியாகராய நகரில் குடியிருக்கும் ஒருவர், யாரிடமும் திட்டு வாங்காமல், எந்தச் சட்டப் பிரிவிலும் மாட்டாமல், ஒரே ஒரு மீனைத் தூண்டிலில் பிடிக்க எங்கே போக வேண்டும்? பட்டுப்புடவை, தங்கம், எவர்சில்வர் ஆகிய துறைகளில் இவ்வட்டாரத்தைப் பற்றி வண்டி வண்டியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். தூண்டில் பற்றி அரைப் பக்கம் இல்லை. யாரும் கேட்காவிட்டாலும் அந்தக் குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஆய்வுக் களம். இதைச் சொல்லும்போதே வயிறு எரிகிறது. தியாகராய நகர் நிற்கிற இடமே ஏரி. அண்ணா சாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ‘லாங் டேங்க்’ என்ற ஏரியை 1920-களில் வடியவிட்டு, தூர்த்து, மனை பிரித்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரை வைத்தார்கள். கொஞ்சம் முன்னால் பிறந்து தொலைத்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது; வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்றும் இருக்கிறது. களப்பணியின் முதல் கட்டமாக அங்கே போய் நின்று பார்த்ததில் மருந்துக்கடை, மாவு மில், மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போகும் ஸ்கூட்டர் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

ஏரி முழுசாகப் போய்விடவில்லை, மழைக்காலத்தில் ஊருக்கு வந்து போகிறது என்றொரு மாற்றுக் கருத்தும் உண்டு. 2021 நவம்பரில் ஜி.என். செட்டி சாலை, விஜயராகவா சாலைப் பக்கம் இருந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். அப்படித் தேங்கும் தண்ணீரில் தூண்டில் போடலாமா? 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தைப் புரட்டினால், ஒருவருக்கே முழுச் சொந்தமான நீரும், மீன் பிடிக்கும் உரிமை ஒருவருக்கே உள்ள நீரும்தான் தனியார் நீர். உஸ்மான் சாலையில் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரைத் தன்னுடையது என்று இதுவரை எந்தத் துறையும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே அது பொதுநீர் என்றே கொள்ளத்தக்கது. அதில் மீன் இல்லை என்பது இரண்டாம் பட்சம்.

அதே சட்டம், மண்ணில் நட்டோ வேறு விதத்தில் நகராமல் நிறுத்தியோ மீன் பிடிக்க வைத்த வலை, கூண்டு, பொறி எல்லாவற்றுக்கும் ஒரு வரையறை தருகிறது. ஆடித் தள்ளுபடி மாதத்தில் ரங்கநாதன் தெருவின் இரு பக்கமும் அந்த வரையறைக்குள் வருமா என்பது தனி முனைவர் பட்டத்துக்கு உரிய கேள்வி. ‘மீன்’ என்பதில் சிப்பி வகையும் அடங்கும் என்று சட்டம் விளக்குகிறது. வாடிக்கையாளர் அடங்குவாரா என்று விளக்கவில்லை.

சட்டம் முக்கியமாகக் கோபப்படுவது, வெடி வைத்துப் பிடிப்பவர்மீதும் தண்ணீரில் விஷம் கலப்பவர்மீதும்தான். தக்கையும் தங்கூசி நரம்பும் கையுமாக ஓரத்தில் குந்தியிருக்கும் ஆசாமிமேல் அதற்குப் பெரிய பகை இல்லை. பிறகென்ன சிக்கல் என்றால், சென்னையில் எந்தத் தண்ணீரைத் தொட்டாலும் ஓர் உரிமையாளர் எழுந்து வருகிறார். மயிலாப்பூர் தெப்பக்குளத்து மீன்கள் கபாலீசுவரர் பாதுகாப்பில் பொரி தின்று கொழுத்தவை. அங்கே தூண்டிலை வெளியே எடுத்தால் சட்டம் வந்துசேரும் முன்பே பூக்காரம்மா வந்துவிடுவார். கிண்டி தேசியப் பூங்காவுக்குள் குளங்கள் உண்டு, கூடவே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடு; 2022-இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. கொக்குக்கும் நாரைக்கும் மட்டுமே அங்கே மீன்பிடி அனுமதி.

புறநகர் ஏரிகளுக்குப் போகலாமே என்பார்கள். ஏரி பொது, அதில் இருக்கும் மீன் பொது இல்லை. மீன்பாசி குத்தகை என்று ஒன்று இருக்கிறது. ஏலம் எடுத்தவர் காசு கொட்டிக் குஞ்சு விட்டிருப்பார். ஜூலை முதல் தேதி பிறக்கிற பசலி ஆண்டுக் கணக்கு அவருடையது. கரையில் அவருடைய மச்சான் ஒருவர் பைக்கில் சாய்ந்து நிற்பார். அவரிடம் 1897-ஐப் பற்றிப் பேசுவதைவிட, “அண்ணே, ஒரு ஓரமா உக்காந்துக்கட்டா?” என்று கேட்பது ஆய்வு நெறிக்கு உகந்தது.

முன்னோர் நூல்களையும் பார்த்தேன். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்காரர் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று ஒரு பெரும் புத்தகம் போட்டார். அது போதாதென்று, குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-இல் ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று இன்னொன்று. இன்றைய ஆய்வாளருக்கு அதில் ஒரே சிக்கல், குளங்களில் பல இப்போது நகர், காலனி, அவென்யூ.

இவ்வளவு அலைந்தபின் கிடைத்த விடை சப்பென்று இருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறினால் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், அடுத்தது சேத்துப்பட்டு. அங்குள்ள ஏரியை மீன்வளத் துறையே சீர்செய்து 2016-இல் பூங்காவாகத் திறந்தது. படகு விடுகிறார்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு தூண்டில் போடவும் இடம் வைத்தார்கள். அரசாங்கமே டிக்கெட் கிழித்துக் கொடுத்து மீன் பிடிக்கச் சொல்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. திருட்டுத்தனம் போய்விட்டதால் பாதி ருசி குறைகிறது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஆனால் நம் ஆய்வின் நாயகன் கொடுவா. அமெரிக்கர்கள் பந்தயம் கட்டிப் பிடிக்கும் ‘பாஸ்’ நம் ஏரிகளின் மீன் இல்லை. அதே பெயரில் பாதியைச் சுமக்கும் ஆசியக் கடல் பாஸ்தான் நம் கொடுவா. ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் பாரமுண்டி. உப்பங்கழியில் வளர்ந்து, முட்டையிடக் கடல் பக்கம் போகும். ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிச் சில வருடங்களில் பெண்ணாக மாறிவிடும். சாந்தோம் நெடுஞ்சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் இதைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அதன் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டில். ஆக, கொடுவாவுக்குத் தென்சென்னையில் மத்திய அரசு விலாசம் உண்டு, அதைத் தேடுகிறவருக்கு இல்லை. முட்டுக்காட்டுக் கழியில் உயிர் இறாலைக் கோத்துவிட்டுக் காத்திருக்கலாம். அங்கும் வலை வீசிப் பிழைப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை.

அடையாற்று முகத்துவாரத்தை விட்டுவிட முடியாது. 1977-இல் இடிந்த ‘உடைந்த பாலம்’ அருகே சிறுவர்கள் காலி வாட்டர் பாட்டிலில் தங்கூசியைச் சுற்றி, பிசைந்த மைதாவைக் கடலை அளவு உருட்டி முள்ளில் செருகி, ஒரு சுழற்று சுழற்றி விடுகிறார்கள். பாட்டிலின் வாய்ப்பக்கத்தை நீட்டிப் பிடித்தால் நரம்பு சரசரவென்று தானே உருவிக்கொண்டு போகிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ரீல் இதைத்தான் செய்கிறது. பெரும்பாலும் வருவது ஜிலேபி. 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குள் வந்த மீன், எந்தச் சாக்கடையிலும் குடும்பம் நடத்தும். பிடிக்கச் சட்டம் தடுக்கவில்லை. தின்ன மூக்கு தடுக்கிறது.

கடைசியாகக் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை என்பது விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுபவரை அது கட்டாது. வஞ்சிரம் விலை எகிறும் அந்த நாள்களில்தான் மாம்பலத்துக்காரருக்குத் தூண்டில் ஞானம் பிறப்பதும் வழக்கம். ஆனால் பட்டினப்பாக்கத்திலோ நொச்சிக்குப்பத்திலோ எழுதாத சட்டம் ஒன்று அமலில் உண்டு. “இன்னா சார், இங்க வல வுட்டுக்கிறோம். அந்தாண்ட போய்ப் போடு” என்று வாயிலிருந்து பீடியை எடுக்காமலே ஒரு பெரியவர் தீர்ப்பு சொல்வார். மேல்முறையீடு கிடையாது. அந்தாண்ட போனால் நாளைக்கு எந்தப் பக்கம் காற்று என்பதையும் அவரே சொல்லித் தருவார்.

இனி ஆய்வின் முடிச்சு. மீன் கிடைத்துவிட்டது, சட்டப்படி கிடைத்தது. அதை ஈரத் துணியில் சுற்றி, 5-பி பஸ்ஸில் சக பயணிகளின் முறைப்பைத் தாங்கி, மாம்பலம் வரை கொண்டுவந்தாயிற்று. வாடகை ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில், ஆணி அடிக்கக் கூடாது என்பதற்கும் மாடியில் வடகம் காயப்போடக் கூடாது என்பதற்கும் நடுவே, ‘அசைவம் சமைக்கக் கூடாது’ என்று இருக்கிறது. பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடும் பண்பாடு வெளிநாட்டில் இயற்கை அக்கறையால் வளர்ந்தது என்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் அதை வளர்த்தவர் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர். ஒப்பந்தத்தில் ‘பிடிக்கக் கூடாது’ என்று இல்லை என நான் வாதிட்டுப் பார்த்தேன். “பிடிச்சுக்கோங்கோ சார், தாராளமா பிடிச்சுக்கோங்கோ. கேட்டுக்கு வெளியே” என்றார்.