மெருகேற்றினால் மதிப்பு இறங்குவானேன்?

கேள்வி: மங்கிப்போன பழைய துப்பாக்கியைத் தேய்த்துப் புது மெருகு ஏற்றினால், சேகரிப்பவர்கள் விலையைக் கூட்டாமல் குறைக்கிறார்களாமே, இது என்ன நியாயம்?

பதில்: பரம நியாயம். 1873-இல் அமெரிக்காவின் கோல்ட் தொழிற்சாலை வெளியிட்ட ஆறு குண்டுச் சுழல் துப்பாக்கியின் குழாயில் அன்றைய தொழிலாளிகள் ஏற்றிய நீல வர்ணமும், அதன் உடற்பகுதியில் அக்கினியும் எலும்புக் கரியும் கூடிப் படியவைத்த விசித்திர நிறங்களும், எவ்வளவு மங்கியிருந்தாலும் அந்தக் காலத்தின் சாட்சியங்கள். அதை மெருகுச் சக்கரத்தில் பிடித்த மாத்திரத்தில் விளிம்புகளின் கூர்மை மழுங்கி, முத்திரை எழுத்துக்களின் ஆழம் குறைந்து, கிழவருக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டதுபோல், வயதும் போய் இளமையும் வராத நிலை ஏற்படுகிறது. எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து வைப்பதே உத்தமம்.

ஜெர்மானிய ராணுவம் 1908-இல் ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியில் பரீட்சை இன்னும் கடுமை. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைச் சிறு உறுப்புகளிலும் பொறித்துவிட்டபடியால், இடையில் எவரேனும் ஓர் உறுப்பை மாற்றியிருந்தால் அந்த உறுப்பே சாட்சிக் கூண்டில் ஏறி உண்மையைச் சொல்லிவிடும். விலையும் உடனே சரியும்.

சரித்திரப் பிரசித்திக்கு மாத்திரம் தனி விதி உண்டு. 1881-இல் பில்லி தி கிட் என்ற பிரசித்தமான அமெரிக்கக் குற்றவாளியை ஷெரீப் பாட் காரெட் சுட்டு வீழ்த்திய கோல்ட் துப்பாக்கி, 2021-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது மெருகுக்காக அன்று.