சோவியத் அட்டை, அமெரிக்க உப்புமா

1966-ல் நெய்வேலிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். கணக்கு நோட்டுக்கு அட்டை போட 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாள்தான். வழவழவென்றிருக்கும், லேசில் கிழியாது. மத்தியானம் அலுமினியத் தட்டில் அமெரிக்கக் கோதுமை ரவை உப்புமா. அப்பா வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி, ரஷ்யர்கள் உதவியோடு எழுந்த அனல்மின் நிலையம். "இரண்டு பேரிடமும் வாங்குவோம், யாருக்கும் தலையாட்ட மாட்டோம். அதற்குப் பெயர்தான் அணிசேராமை" என்றார் வாத்தியார்.

தலையாட்டாததற்கு என்ன விலை என்பது வெகுகாலம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்த 1966-ல் மழை பொய்த்து, வடக்கே பீகார் பஞ்சத்தில் தவித்துக்கொண்டிருந்தது. வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை நிறுத்தச் சொன்னது இந்தியா. அதிபர் ஜான்சனுக்குக் கோபம். கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டார். அடுத்த கப்பல் வருமா என்று தில்லி காத்துக் கிடந்தது. நான் வழித்துத் தின்ற உப்புமாவுக்குப் பின்னால் அத்தனை பெரிய மனத்திடம் இருந்திருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அணிசேராமையில் சறுக்கலும் உண்டு. 1956-ல் சூயஸ் படையெடுப்பை உடனே கண்டித்த நேரு, ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்தபோது தயங்கினார். அது தவறுதான்.

இப்போது பேத்தி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம், அமெரிக்காவோடு கூட்டுப் போர்ப்பயிற்சி செய்கிறோம். "நீங்க சொல்ற அணிசேராமையும் இதுவும் ஒண்ணுதானே தாத்தா?" என்று கேட்டாள்.

பேரம் பேசுவதில் ஒன்றுதான் கண்ணு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 1955-ல் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியது தங்கள் லாபத்துக்கு மட்டுமில்லை. அடிமைப்பட்டுக் கிடந்த மற்றவர்களுக்காகவும்தான். சுதந்திரம் வாங்கி நான்கு மாதம்கூட ஆகாத 1947 நவம்பரில், பாலஸ்தீனத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வில் எதிர்த்து வாக்களித்தோம். அப்போது நம் வீடே பிரிவினையில் எரிந்துகொண்டிருந்தது.

2023 அக்டோபரில், காசாவில் போரை நிறுத்தச் சொல்லி அதே ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. அதற்கு என்ன காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பேத்தியிடமும் அப்படியே சொன்னேன்.