கல்வராயனை ஊருக்கு அனுப்பி வையுங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,

ஐயா, சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதையைச் சுரங்கப் பாதையாக மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். விளையாட்டில்லை, கணக்கோடுதான் வந்திருக்கிறேன். எங்கள் பாதை சுமார் 16 கிலோமீட்டர். அனுமதி கிடைத்தது 2006–07 நிதியாண்டில். சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது 2009-ல். பின்னால் பிறந்த அந்தப் பிள்ளை 2015-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ஓடியது. 2017-ல் பூமிக்கடியில் இறங்கியது. 2021-ல் விம்கோ நகர் வரை போய் 54 கிலோமீட்டரை எட்டிவிட்டது. அந்த ஆண்டிலும் கள்ளக்குறிச்சிக்கு ரயில் வரவில்லை. இடையில் 2019-ல் ஊர் மாவட்டத் தலைநகரானது. கலெக்டர் வந்தார், எஸ்.பி. வந்தார், ரயில் மட்டும் பாக்கி. ஆக, இந்த நாட்டில் தண்டவாளம் சீக்கிரம் வேண்டுமென்றால் அதைப் புதைக்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரு சுரங்க ரயிலா என்று உங்கள் அதிகாரிகள் கேட்கலாம். லண்டனில் வாட்டர்லூ–சிட்டி பாதைக்கு 1898-லிருந்து மொத்தமே இரண்டு ஸ்டேஷன்தான். நீளம் இரண்டரை கிலோமீட்டர்கூட வராது. வேகத்தில் நாங்கள்தான் ஜெயிப்போம். சென்னை மெட்ரோவின் விமான நிலையம்–விம்கோ நகர் பாதையில் 32 கிலோமீட்டர் சொச்சத்துக்கு 26 ஸ்டேஷன். மணிக்கு 80 கிலோமீட்டர் போகக்கூடிய ரயில், வேகம் பிடித்து நிமிர்வதற்குள் அடுத்த ஸ்டேஷனுக்கு பிரேக் போட்டாக வேண்டும். கதவு திறந்து மூடும் நேரமும் சேர்ந்தால் சராசரி வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் நடுவே சுமார் 260 மீட்டர்தான். நடந்து போகிறவன் முந்திவிடுவான். அந்த ஊர்ச் சுரங்க ரயிலில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே மிக நீண்ட இடைவெளி, செஷம் ஸ்டேஷனுக்குப் போகும் 6.26 கிலோமீட்டர். எங்கள் பாதையில் நட்டநடுவில் ஒரு ஸ்டேஷன் வைத்தாலும் எட்டு எட்டாகப் பிரியும். லண்டனைத் தோற்கடிக்கும் வாய்ப்பை விடலாமா?

நிலம் எடுப்பதில்தான் தாமதம் என்பீர்கள். பூமிக்கடியில் போனால் கரும்பு போட்டவரிடமும் மரவள்ளி போட்டவரிடமும் இவ்வளவு பேச்சுவார்த்தை வேண்டாம். கூட்டம் வராது என்பது கொஞ்சம் கனமான ஆட்சேபம். சென்னையின் கூட்டம் எங்களுக்கு இல்லைதான். ஆனால் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்களை எந்த டிக்கெட் கவுன்டரில் எண்ணினீர்கள்? கடைசியில் பணம். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அந்தக் கணக்கில் எங்கள் 16-க்கு 8,500 கோடி ஆகும். தலை சுற்றினால் ஒன்று சொல்கிறேன்: சமதளத்தில் ஒற்றைப் பாதை போட அதில் ஒரு துண்டு போதும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மெட்ரோவுக்குத் தனி நிறுவனம், ஜப்பான் கடன், கெடு எல்லாம் உண்டு. எங்களுக்குப் பட்ஜெட் அட்டவணையில் ஒரு வரி.

இயந்திரமும் தயார். மெட்ரோ நிறுவனம் தன் சுரங்கம் தோண்டும் இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் என்று மலைகளின் பெயர் வைத்தது. அதில் ஒன்று கல்வராயன். அயனாவரத்தில் இறங்கி 2024-ல் ஓட்டேரியில் தலைகாட்டியது. அதே ஆண்டில்தான் எங்கள் மாவட்டத்து அசல் கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த இயந்திரத்தைக் கைமாற்றாக வாங்கித் தாருங்கள். சின்னசேலத்தில் இறக்கினால் போதும், அங்கே ஸ்டேஷன் இருக்கிறது. வழி காட்ட நாங்கள் ஆள் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சிவாசி