கிடக்கட்டும் என்னும் விதி: அனலைதீவு வீட்டின் ஒழுங்கு குறித்து ஓர் ஆராய்ச்சி

வீட்டை ஒதுக்கி வைப்பது பற்றி இன்று உலகத்துக்குப் பாடம் சொல்வது ஜப்பான். மரி கொண்டோ என்ற அம்மையார் 2010இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் தோன்றி அமெரிக்கர்களின் வீடுகளையும் ஒதுக்கிக் கொடுத்தார். வீட்டுச் சாமான்களை உடுப்பு, புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான், நினைவுப் பொருள் என அவர் ஐந்தாகப் பிரிக்கிறார். ஒவ்வொன்றையும் கையில் எடுக்க வேண்டும். மனம் துள்ளினால் வைத்துக்கொள்ளலாம். துள்ளாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். இந்தக் கோட்பாடு ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வள்ளம் ஏறி அனலைதீவுக்கு வந்தால் என்ன பாடுபடும் என்பதை அறிஞர் எவரும் ஆராயவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் ஏறத்தாழ 5 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவு. ஒல்லாந்தர் தங்கள் ஊர் நினைவில் இதற்கு ரொட்டர்டாம் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், பெயர் ஒட்டவில்லை. எடுத்துக்கொண்ட மாதிரி ஒரு வீடு, என் மாமியுடையது. ஒரு வீட்டை வைத்து முடிவு சொல்லலாமா என்று கேட்போருக்கு விடை: மற்ற வீடுகளிலும் மாமிமார்தான் இருக்கிறார்கள்.

முதற் பரிசோதனை குசினி வாசலில் நடந்தது. தேய்ந்து அரைவாசியாகிப்போன தும்புத்தடியை மாமியின் கையில் கொடுத்தேன்.

"மாமி, இதைப் பிடிக்க உங்களுக்குச் சந்தோசமா இருக்கோ?"

"தும்புத்தடி பிடிக்க ஆருக்கு மோனை சந்தோசம்?"

"அப்ப எறிஞ்சுவிடட்டோ?"

"விசரே உனக்கு? பிறகு வீட்டை என்னத்தாலை கூட்டுறது?"

ஆக, ஜப்பானிய முறைப்படி முதலில் வெளியேற வேண்டியது தும்புத்தடிதான் என்பது நிறுவப்பட்டது. பரிசோதனை அந்த இடத்திலேயே நின்றது. (மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டை ஒதுக்குவதைத் தான் ஓரளவு கைவிட்டுவிட்டதாகக் கொண்டோ அம்மையாரே 2023இல் சொல்லிவிட்டார். மாமிக்குப் பிள்ளைகள் ஐந்து.)

அடுத்து, கையில் அகப்பட்ட ஒவ்வொரு பொருளையும் தூக்கிக் காட்டினேன். பிடி போன அகப்பை, மூடியில்லாத போத்தல், போத்தல் இல்லாத மூடி, அறுந்த செருப்பின் வார், வளைந்த ஆணி. எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழி: "கிடக்கட்டும், எதுக்கும் உதவும்." இதைக் கிடக்கட்டும் விதி என்று இவ்வாய்வு அழைக்கிறது. விதியின் காரணம் கடல். நகரத்தில் ஒரு ஆணி தேவைப்பட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு சந்திக்குப் போகலாம். இங்கே கடை மூடிக் கிடந்தால் ஒரு ஆணிக்கு ஒரு வள்ளப் பயணம். சோளகம் கிளம்பிக் கடல் கொந்தளிக்கிற நாளில் அதுவும் இல்லை. எனவே வளைந்த ஆணி குப்பையல்ல, தள்ளிப்போட்ட பயணம்.

இனி வகைப்பாடு. ஐந்து வகை இங்கே செல்லாது. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து, 12 முதலிமார் பார்த்துச் சரியென்று ஒப்பிய தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத்துச் சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகவே பிரிக்கிறது. காணி வழக்குப் பேசுவோர் இதைக் காணிக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். குசினித் தட்டுக்கும் இதுவே சட்டம். வழிவழியாக வந்த பித்தளைக் குடமும் ஓட்டை விழுந்த அண்டாவும் முதுசொம். செத்துப்போனவர்களிடம் கேட்காமல் எறிய முடியாது. மாமி கலியாணத்துக்குக் கொண்டுவந்த வெத்திலைத் தட்டமும் காலாடும் கதிரையும் சீதனம். அதில் மாமாவுக்கு வாயே இல்லை. பிஸ்கற் தகரம், சொப்பின் பை, ஜாம் போத்தல் எல்லாம் தேடியதேட்டம். அது இருவருக்கும் சரிபாதி. மாமா விரும்பினால் ஒரு போத்தலில் பாதியை எறியலாம்.

அதோடு முடியவில்லை. தேசவழமையில் முன்னீட்டு உரிமை என்று ஒன்று உண்டு. பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் சொல்லிக் கேளாமல் காணியைப் பிறத்தியாருக்கு விற்கக்கூடாது. உடைந்த கதிரையை வளவுக்கு வெளியே வைத்த அன்று இந்த உரிமை எப்படி இயங்குகிறது என்று நேரில் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எறியிறதெண்டா எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றா. கதிரை மூன்று கால்களோடு அங்கே போயிற்று. மாமி அதை இப்போதும் "எங்கடை கதிரை" என்றுதான் சொல்கிறா.

சொல்லாராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு ஆகியவற்றைப் போர்த்துக்கேயர் தந்தார்கள், சாவியையும் சேர்த்து. லாச்சி ஒல்லாந்தர் தந்தது. சாமானைப் போட்டு மூடி மறக்கும் கலைக்கான சொற்களில் பாதி கப்பலில் வந்தவை. அதற்கு முன் இருந்த உறியும் கொடியும் கடகமும் குட்டானும் தமிழ். உறியில் தொங்குவது கண்ணுக்கு முன்னே தொங்கும். கடகத்தில் கிடப்பது மேலாகவே கிடக்கும். லாச்சி வந்த பிறகுதான், திறந்தால் மூட முடியாத லாச்சி என்ற ஒன்று வந்தது. மாமி வீட்டு லாச்சியை நான் முழுதாகத் திறக்கவில்லை. ஆய்வாளனுக்கும் உயிர்ப் பயம் உண்டு.

எதிர்காலத்தைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். இந்தியா முகம் சுளித்தது. பிறகு இந்திய நன்கொடையில், 2024இல் இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. இரண்டு வல்லரசுகள் இத்தனை ஆழமாக யோசித்தும், ஓயாத மின்சாரம் வந்தால் குளிர்சாதனப் பெட்டி வரும், அதன் பின்னால் வெறும் ஐஸ்கிறீம் பெட்டிகள் வரும், அவற்றை எங்கே அடுக்குவது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இத்தனையும் உள்ளே கிடக்க, வீடு துப்புரவு என்று ஊர் எப்படிச் சொல்கிறது? முற்றத்தைப் பார்த்துத்தான். விடியமுன் மாமி ஈர்க்கு விளக்குமாற்றோடு இறங்குவா. இடக்கை முதுகில். படலையில் தொடங்கிப் பின்புறமாக நகர்ந்து வீட்டு வாசலில் முடிப்பா. அப்படிக் கூட்டினால்தான் தன் கால் அடி மணலில் விழாது. வேப்பஞ்சருகும் பூவரசம் இலையும் கோடிப் பக்கம் போய்விடும். முற்றத்தில் மிஞ்சுவது விசிறி விசிறியாக மணற்கோடுகள் மட்டும். இது அழகுக்கு என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது வருகைப் பதிவேடு. கோடுகளுக்கு மேல் விழுந்த அடையாளத்தைப் பார்த்து, ஆட்டுக்குட்டி வந்தது, மீன்காரர் சைக்கிளை எங்கே சாய்த்தார், பக்கத்து வீட்டு அக்கா எத்தனை தரம் வந்து போனா என்று மாமி பத்து மணிக்கே வாசித்து முடித்துவிடுவா. விளக்கு வைத்த பிறகு கூட்டினால் சீதேவி போய்விடும் என்பதால், அன்றைய பதிவு இரவு முழுதும் அழியாமல் கிடக்கும்.

மாமி வீட்டுக்குத் தெற்கே பூட்டிய வீடு ஒன்று. வீட்டுக்காரர் ரொறன்ரோவில். தீவிலேயே மிக ஒழுங்கான வீடு அதுதான்: தகரம் இல்லை, பை இல்லை, லாச்சி வெறுமை. எந்த ஒழுங்கியல் நூலும் அதற்கு முழுப் புள்ளி கொடுக்கும். வெள்ளிக்கிழமைகளில் மாமி அந்த முற்றத்தையும் கூட்டிவிட்டு வருவா. நான் போன வெள்ளி பின்னேரம் படலையால் எட்டிப் பார்த்தேன். காலையில் இழுத்த கோடு ஒன்றுகூடக் கலையவில்லை.

எங்கள் தீவை ஒட்டிய புளியந்தீவிலிருந்து நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு ஒரு நாகம் பூக் கொண்டுபோன கதை எல்லாருக்கும் தெரியும். கடலைக் கடக்கும்போது அது வாயில் கவ்வியது பூவை மட்டுந்தான். ஆடி, ஆவணியில் விமானம் ஏறவிருக்கும் கனடா, பிரான்ஸ், லண்டன் உறவுகளுக்கு இவ்வாய்வின் வேண்டுகோளும் அதை ஒட்டியதே. அவசியம் வாருங்கள், முற்றத்தை மிதித்து உழக்குங்கள். 23 கிலோப் பெட்டிகளில் பிஸ்கற்றும் கொண்டு வாருங்கள், ஆனால் அந்த நீலத் தகரத்தை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். பிஸ்கற்றைக் கொட்டி வைக்க மாமியிடம் ஏற்கெனவே முப்பத்தியொரு தகரம் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.