குறும்பி டாக்டர்

தாத்தா மூக்குக் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடினாலே வீட்டில் யாராவது ஒருவர் உச்சரித்துவிடும் பெயர் அல்சைமர். அந்த அலோயிஸ் அல்சைமர் டாக்டர் பட்டம் வாங்கியது மூளையைப் பற்றி எழுதி அல்ல, காதுக் குறும்பியைப் பற்றி எழுதி. குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகள் குறித்து வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முழு ஆய்வேடு. யாராவது செய்துதானே ஆகவேண்டும்! வாள்சண்டை போடும் மாணவர் சங்கத்தில் சேர்ந்து முகத்தில் ஒரு வெட்டுத் தழும்பும் சம்பாதித்திருந்தார். அன்றைய ஜெர்மனியில் அது கிட்டத்தட்ட இன்னொரு பட்டம்.

1888இல் பிராங்க்பர்ட் மனநோய் மருத்துவமனையில் வேலை. மறுவருடம் பிரான்ஸ் நிஸ்ல் வந்து சேர்ந்தார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்பதில் நிஸ்ல் மன்னன். பகலெல்லாம் நோயாளிகள், இரவெல்லாம் நுண்ணோக்கி.

1901 நவம்பர் 25 அன்று அவுகுஸ்டே டேட்டர் என்ற பெண்மணியைச் சேர்த்தார்கள். வயது 51தான். கணவர் ரயில்வே குமாஸ்தா. அல்சைமர் உட்கார்ந்து கேட்டார்: பெயர்? அவுகுஸ்டே. குடும்பப் பெயர்? அவுகுஸ்டே. கணவர் பெயர்? அவுகுஸ்டே என்று நினைக்கிறேன். மதியம் தட்டில் பன்றிக்கறியும் காலிபிளவரும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றார். சாப்பிடும்போதுகூட ஒரு மனுஷியை விடாமல் கேள்வி கேட்ட டாக்டரை என்ன சொல்வது! ஆனாலும் ஒவ்வொரு சொல்லையும் எழுதிவைத்தாரே, அதற்காக மன்னிக்கலாம். தன்னையே தொலைத்துவிட்டதாக அந்த அம்மாள் சொன்னதும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. 

பிறகு மியூனிக். முதலாளி எமில் கிரேப்பெலின், ஐரோப்பிய மனநலத் துறையின் பெரிய தலை. பீருக்குப் பேர்போன ஊரில் மதுவைத் தொடாமல், விருந்தாளிகளுக்கு எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்த மகான். அல்சைமரோ சுருட்டுப் பிரியர். காலமான மனைவி வழியில் வசதி இருந்ததால் மியூனிக்கில் சில காலம் சம்பளம் இல்லாமலே உழைத்தார். சம்பளம் கேட்காத உதவியாளரை எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது?

1906 ஏப்ரல் 8 அன்று அவுகுஸ்டே இறந்தார். மூளை மியூனிக்குக் கேட்டு வரவழைக்கப்பட்டது. வெள்ளி உப்பேற்றும் புது முறையில் அல்சைமர் பார்த்தார். மூளைப் புறணி முழுக்க இனம் தெரியாத ஒரு பொருள் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. நரம்பணுக்களுக்குள் இழைகள் முறுக்கிக்கொண்டு கிடந்தன. பல இடங்களில் அணு செத்துப்போய் முறுக்கு மட்டும் மிச்சம். 

நவம்பர் 3 அன்று டூபிங்கனில் தென்மேற்கு ஜெர்மன் மனநல மருத்துவர்கள் கூட்டம். அல்சைமர் படங்களைக் காட்டிப் பேசி முடித்தார். தலைவர் ஆல்பிரட் ஹோகே கேள்வி உண்டா என்றார். ஒரு கை எழவில்லை. எதிர்க்கக்கூட ஆள் இல்லாததைவிடப் பெரிய அவமானம் அறிஞர் உலகில் கிடையாது. மறுவருடம் அந்தப் பேச்சு இரண்டு மூன்று பக்கக் கட்டுரையாக அச்சாகி அடங்கிப்போனது.

முதலாளி விடுவாரா? 1910இல் தன் பாடநூலின் எட்டாம் பதிப்பில் ‘அல்சைமர் நோய்’ என்று எழுதிவிட்டார். கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள். இந்த நோயை எப்படிப் புரிந்துகொள்வது என்பது இன்னும் தெளிவில்லை என்று அதே நூலில் அவரே ஒத்துக்கொள்கிறார். தெளிவில்லை, ஆனால் பெயர் ரெடி! இத்தனை அவசரம் ஏன் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வம்பு பேசுகிறார்கள். பிராகில் ஆர்னால்ட் பிக்கின் ஆய்வுக்கூடம் போட்டிக்கு நின்றது. அங்கே ஆஸ்கர் பிஷர் 1907இலேயே, முதுமை மறதியால் இறந்த 16 பேரின் மூளையில் 12இல் அதே திட்டுகளைக் கண்டு எழுதியிருந்தார். கணக்குப்படி பார்த்தால் பிஷர் கை ஓங்கியிருந்தது. ஆனால் அவருக்குப் பாடநூல் எழுதும் முதலாளி இல்லை. யூதரான அவர் 1942இல் நாஜிகளின் தெரசியன்ஸ்டாட் சிறையில் இறந்தார்.

அல்சைமருக்கே சந்தேகம்தான். இது முதுமை மறதியின் வித்தியாசமான ஒரு வடிவமாக இருக்கலாமே என்று 1911இல் எழுதினார். அவருடைய அடுத்த நோயாளியின் மூளையில் திட்டு இருந்தது, முறுக்கு இல்லை. 1915இல் பிரெஸ்லாவில் 51 வயதிலேயே அவர் போய்ச் சேர்ந்தார். நடுவயதுக்காரர்களின் அபூர்வ நோய் என்ற முத்திரையோடு அறுபது ஆண்டு ஓடியது. 1976இல் நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன், நடுவயதில் வந்தால் ஒரு பெயர், கிழவயதில் வந்தால் வேறு பெயரா என்று ஒரு கட்டுரையில் கேட்டு இரண்டையும் ஒன்றாக்கினார். அபூர்வ நோய் ஒரே கட்டுரையில் முன்னணிக் கொலையாளிகளின் வரிசைக்கு வந்துவிட்டது.

பிறகு மடங்கள் தோன்றின. 1984இல் ஆய்வாளர்கள் கிளென்னரும் வோங்கும் பீட்டா அமைலாய்டு புரதத்தைப் பிரித்தெடுக்க, அந்தப் புரதம் சேர்ந்த திட்டுதான் முதல் குற்றவாளி என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. முறுக்கில் இருப்பது டௌ புரதம், அதுதான் அணுவைக் கொல்கிறது என்று மறு கோஷ்டி. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றம் ஏறிய சண்டை இதன் முன் ஒன்றுமில்லை. 

இதற்கிடையே அவுகுஸ்டேயின் கோப்பை எங்கோ வைத்துவிட்டு, 1995இல்தான் பிராங்க்பர்ட்டில் தேடிக் கண்டுபிடித்தார்கள். மறதி நோயின் முதல் கோப்பு! அப்புறம் மியூனிக்கில், அவுகுஸ்டேயின் மூளைச் சீவல்களை ஒட்டி அல்சைமர் நுண்ணோக்கியில் பார்த்த பழைய கண்ணாடிச் சில்லுகளும் சிக்கின. 1998இல் வெளியான ஆய்வின்படி, அந்த அம்மாளின் மூளையில் இரண்டு நாமமும் பளிச்சென்று இருந்தன. இரண்டு கோஷ்டியும் அதைத் தங்கள் வெற்றியாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது என் அனுமானம்.