திட்டமிடல் கருவிகளில் தாமதத்தின் உறைவிடங்கள்

மென்பொருள் குழுவுக்கு உகந்த திட்டமிடல் கருவி எது என்று ஆராயப் புகுந்தோர் பலரும் விலையையும் வசதியையுமே நோக்கினர். அது பொருந்தாது. கருவி எதுவாயினும் வேலை பிந்தியே தீரும்; அந்தத் தாமதம் எங்கே போய் ஒளிகிறது என்பதில்தான் கருவிகள் வேறுபடுகின்றன. ஆகவே ஒளிவிடம் கொண்டு பகுப்பதே முறை என்பது இவ்வாய்வின் துணிபு.

தொன்மையானது கான்ட் வரைபடம். இத்தகைய ஒன்றைப் போலந்துப் பொறியாளர் கரோல் அதமியெட்ஸ்கி 1896இலேயே உருவாக்கிவிட்டார். அச்சில் வெளியிட்டதோ 1931இல். அதற்குள் பெயரை அமெரிக்கர் ஹென்றி கான்ட் தட்டிச் சென்றார். கால அட்டவணை கண்டவருக்கே 35 ஆண்டு தாமதம் என்பது நம் துணிபுக்கு அரண். இவ்வரைபடத்தில் தாமதம், வேலையைக் குறிக்கும் பட்டையின் நீளத்தில் உறையும். பட்டையின் ஓரத்தை மவுஸால் பிடித்து வெள்ளிக்கிழமை வரை இழுத்தால், பின்னாலிருக்கும் பட்டைகள் ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்து வழிவிடும்.

கான்பன் பலகையின் மூலமுறை டொயோட்டா ஆலையில் பிறந்தது. அங்கே புழங்கும் அட்டைகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. மென்பொருளார் அட்டையை எடுத்துக்கொண்டு வரம்பை ஆலையிலேயே விட்டுவிட்டு வந்தனர். விளைவு: ‘டெஸ்டிங்’ கட்டத்தில் ஓர் அட்டை; அதன் மூலையில் பொறுப்பாளரின் சிரித்த முகம்; அவரோ நோட்டீஸ் பீரியட் முடித்து, கேக் வெட்டி, போய்விட்டவர்.

விரித்துரைக்கத் தக்கது ஜிரா. 2002இல் வந்த இக்கருவியின் பெயர், காட்ஸிலாவுக்கு ஜப்பானியர் வழங்கும் ‘கோஜிரா’வின் வால். ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய வேலைச் சுற்றை மூடும்போது, முடியாத வேலைகளை அடுத்த ஸ்பிரிண்டுக்கு மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். இத்தனை பண்பாகத் தாமதத்துக்கு இடம் போட்டுக் கொடுக்கும் கருவி வேறில்லை. மேலும், வேலையின் கனத்தை 1, 2, 3, 5, 8, 13 என்று மதிப்பிடுவது வழக்கம். சென்ற முறை முடியாத 5, இம்முறை ‘இன்னும் கொஞ்சம் தெளிவு கிடைத்ததால்’ 8 ஆகும். அதை முடித்ததும் குழுவின் வேகம் கூடியதாக வரைபடம் ஏறும். பிந்துவதால் வேகம் கூடுவது பௌதிகத்தில் இல்லை. ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் உண்டு.

எக்செல் திட்டமிடல் கருவியே அன்று என்பாரும் உளர். மேற்சொன்ன மூன்றின் விவரமும் வெள்ளிக்கிழமை மாலை மேனேஜரின் எக்செல் ஷீட்டில்தான் வந்து அடங்குகிறது என்பதால் அக்கூற்று தள்ளத்தக்கது. அதன் ஒளிவிடம் மறைத்து வைத்த ‘காலம்’ (நெடுவரிசை).

பிந்திய திட்டத்தில் ஆள் சேர்த்தால் மேலும் பிந்தும் என்று 1975இல் எழுதினார் ஃபிரெடரிக் புரூக்ஸ். நடுவழியில் கருவியை மாற்றினால் என்னாகும் என்பதற்கும் விடை அதுவே. ஆனால் அந்தப் பிந்தல் ‘மைக்ரேஷன்’ என்ற தனி வரியாகி, பச்சை நிறத்தில், முடிந்த வேலையாகக் காட்சி தரும்.

எனவே தெரிவு முறை வருமாறு: வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை பார்ப்பவராயின் கான்ட், இரு வாரத்துக்கு ஒருமுறையாயின் ஜிரா, எப்போதோ எட்டிப் பார்ப்பவராயின் எக்செல் போதும். தமக்கும் ஒரு லாகின் வேண்டும் என்று அவர் கேட்டுவிட்டாலோ, அன்று மாலையே மைக்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும்.