மாவுக்கட்டு இல்லாத முறிவு

பெறுநர்: இழப்பீட்டுப் பிரிவு மேலாளர், பெயர் சொல்ல வேண்டாத ஒரு காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: இடது பக்க எட்டாவது விலா எலும்பு – கிளைம் நிராகரிப்பு – பாலிசிதாரரின் பாராட்டுகளைத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிராகரிப்புக் கடிதம் பாலிசிதாரருக்குக் கிடைத்தது. படித்து முடித்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட முயன்றார். பாதியிலேயே வலி பிடித்துக்கொண்டது. மீதிப் பெருமூச்சை எழுத்தில் அனுப்பிவைக்கச் சொல்கிறார்.

'விபத்து நேர்ந்த சூழ்நிலை' என்ற கேள்விக்குத் தங்கள் படிவத்தில் ஒன்றரை வரி இடம் விட்டிருக்கிறீர்கள். ஊட்டிக் குளிர் ஒன்றரை வரியில் அடங்காது. சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊர் அது. ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்ள, தலைக்குந்தா புல்வெளியும் பள்ளத்துத் தேயிலையும் விடியும்போது வெளுத்துக் கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் அதன்மேல் நின்று செல்ஃபி எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அந்த நேரத்தில் கேரட் வேலை இருக்கும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பக்கம் இருட்டிலேயே பிடுங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றியாக வேண்டும். பாலிசிதாரர் அங்கே மூட்டைக் கணக்கு எழுதுகிறவர்.

கழுவிய கேரட் ஏற்றிய லாரி வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். மர நிழல் விழுகிற வளைவில் அந்த ஈரம் விடியற்காலையில் என்ன செய்யும் என்பதை மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் டயர் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். விரல் மரத்துப்போனால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே கைக்குத் தெரியாது. 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏபிஎஸ் இருந்தாக வேண்டும் என்ற விதி 2019 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இவருடைய வண்டி அதற்கு மூத்தது. சக்கரம் வழுக்கியது, வண்டி இடப்பக்கம் சரிந்தது, சாலைக்கும் உடம்புக்கும் நடுவே அவருடைய முழங்கை மாட்டிக்கொண்டு விலாவில் இடித்தது. எனவே 'எதிர்த்தரப்பு வாகனத்தின் பதிவு எண்' என்ற கட்டத்தில் 'சொந்த முழங்கை' என்று அவர் எழுதியிருப்பது கிண்டல் அல்ல.

தலைக்கவசம் அணிந்திருந்தாரா என்று கேட்டிருந்தீர்கள். அணிந்திருந்தார், ஐஎஸ் 4151 தர எண்ணோடு, ஐஎஸ்ஐ முத்திரையோடு. தலைக்கு ஒரு கீறலும் இல்லை. நெஞ்சுக்குக் கவசம் அணியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை என்பதால், ஸ்வெட்டருக்குள் முந்தைய நாள் செய்தித்தாளை மடித்துவைத்திருந்தார். அது குளிரைத் தாங்கியது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இனி, தாங்கள் சுட்டிக்காட்டிய நிபந்தனைகள். வண்டி வைத்திருப்பவர் சொந்தமாக ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் காப்பீடு உண்டு. உயிர் போனால் முழுத் தொகை. இரண்டு கை, கால் போனாலும் இரண்டு கண் போனாலும் முழுத் தொகை. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ மட்டும் போனால் பாதி. மனித உடம்பில் 24 விலா எலும்புகள் இருந்தும் அந்தப் பட்டியலில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. அதிலும் எட்டாவது விலா நெஞ்செலும்போடு நேரடித் தொடர்பு இல்லாதது; ஏழாவது விலாவின் குருத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு, அதன் சிபாரிசில் உள்ளே வந்தது. அதற்கெல்லாம் சதவீதம் ஒதுக்க முடியாது என்று தாங்கள் கருதியிருக்கலாம்.

சதவீதம்தான் வேண்டுமென்றால் மருத்துவ இதழ்களில் இருக்கிறது. 65 வயதும் அதற்கு மேலும் ஆன விலா முறிவு நோயாளிகளைப் பற்றி 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கூடுதலாக உடைந்த ஒவ்வொரு விலாவுக்கும் நிமோனியா வரும் அபாயம் 27 சதவீதம் ஏறியது. சாவு அபாயம் 19 சதவீதம். பாலிசிதாரருக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. அவருடைய பிரீமியம் அதுவரை தங்களுக்கு வந்துகொண்டிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டுக்கு வேறு நிபந்தனை: தொடர்ந்து 24 மணி நேரமாவது மருத்துவமனையில் படுத்திருக்க வேண்டும். அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவு தருவீர்கள், பிந்தைய 60 நாள் செலவும் தருவீர்கள். நடுவில் அட்மிஷன் என்ற ஒன்று இருந்தால். இவருக்கு அது இல்லை. மருத்துவர் விரலால் விலாவை ஓரிடத்தில் அழுத்தினார், பாலிசிதாரர் கத்தினார், நோய் தெரிந்துவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விலா முறிவுகளில் கணிசமானவை எக்ஸ்ரேயில் சிக்குவதில்லை. சிடி எடுத்தால் சிக்கும். சிக்கினாலும் வைத்தியம் அதேதான் என்று மருத்துவர் வலி மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். சிடி எடுத்து வீண் செலவு வைக்காத அந்த நேர்மைதான் இன்று பாலிசிதாரருக்கு எதிரான சாட்சி.

'கட்டுப் போட்ட நிலையில் புகைப்படம் இணைக்கவும்' என்கிறீர்கள். இதில் தாங்கள் தனியாக இல்லை. பார்க்க வந்த உறவினர் அனைவரும் கேட்டது இதையேதான்: 'கட்டு எங்கே?' பெரியப்பா ஒருவர், உடனே புத்தூருக்கு வண்டி பிடி, கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்றார். ஆட்டுக்கால் சூப் வந்தது. ஆனால் விலாவுக்குக் கட்டு கிடையாது. ஒரு காலத்தில் நெஞ்சைச் சுற்றிப் பட்டையாக ஒட்டினார்கள். அப்படி இறுக்கினால் மூச்சு மேலோட்டமாகும், நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கி நிமோனியா வரும். அதனால் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். பல விலாக்கள் நொறுங்கினால் தகடு வைத்துத் திருகாணி போடுவதுண்டு. ஒற்றை விலாவுக்கு அந்த மரியாதை இல்லை. காவல் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுகிறவர்களுக்குக்கூட மாவுக்கட்டும் புகைப்படமும் நிச்சயமாகக் கிடைத்துவிடுகிற மாநிலத்தில், சாலையில் நிஜமாகவே வழுக்கி விழுந்தவருக்கு இரண்டும் இல்லை என்பது அவருக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

கை முறிந்தால் தூளி கட்டித் தொங்கவிட்டு ஓய்வு கொடுக்கலாம். விலாவுக்கு விடுப்பே கிடையாது. மனிதன் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது யோகியர் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் அத்தனை பொன் ஓடுகள் என்று சொல்வார்கள். நிமிடத்துக்கு 15 வருகிறது. இன்றைய மருத்துவம் சொல்லும் 12 முதல் 20 என்ற அளவுக்குள்தான் அது நிற்கிறது. முறிந்த எலும்பு அத்தனை தடவையும் அசைந்துகொண்டேதான் ஒட்ட வேண்டும். ஆறு வாரத்தில் ஓரளவு ஒட்டும். வலி அதற்கு அப்பாலும் இருக்கலாம். அந்த வாரங்களில் அவர் மூட்டை தூக்கக் கூடாது, ஆழமாக மூச்சிழுக்கவும் மறக்கக் கூடாது. அதற்கென்று மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எல்லாரையும் போல இவரும் அதை ஊதப் பார்த்தார். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் பந்து நொடிக்கு 600 மில்லிக்கு எழும், இரண்டாவது 900க்கு, மூன்றாவது 1,200க்கு. மூன்றாவது பந்து இன்னும் அவரை மதிக்கவில்லை.

சான்றுதான் சிக்கல் என்றால், ஒரு வழி இருக்கிறது. தங்கள் கள அலுவலர் ஒருவரை அனுப்புங்கள். கையில் படிவம் வேண்டாம். செல்பேசியில் நல்ல வடிவேலு காட்சி ஒன்று போதும். பாலிசிதாரர் எதிரே அதை ஓடவிட்டு, சிரிப்பு வரும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்கட்டும். சந்தேகம் தீரவில்லையென்றால் சமையலறையில் மிளகாய் தாளித்து ஒரு தும்மல் வரவழைக்கலாம். மேல்முறையீட்டுக்கு இருமல் இருக்கிறது. எக்ஸ்ரே தவறவிட்டதை இந்த மூன்றும் தவறவிடாது. செலவும் குறைவு.

அடுத்த ஆண்டு பிரீமியம் செலுத்த வேண்டிய தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அதற்கு 24 மணி நேர நிபந்தனை ஏதும் இல்லை என்பதைப் பாலிசிதாரர் கவனித்திருக்கிறார்.

இப்படிக்கு,
பாலிசிதாரர் சார்பில்,
அவர் இருமும்போது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளத் தலையணை எடுத்துக் கொடுப்பவர்.

இணைப்பு: மேற்படி தலையணை, அசல். நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பவும்.